குட்டிச் சத்தப் பைல் போடேக்க புரோகிராமின்ர யன்னல் உறையுது, சத்தமும் பிந்தி வருது: ஆராவது உதவுங்கோ

பாலைப்பழம்:
வணக்கம் எல்லாருக்கும். நான் புதுக்குடியிருப்புப் பக்கம். அக்கா இஞ்ச ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறா, அங்க ஆரோ குடுத்த பழைய கொம்பியூட்டர் ஒண்டு இருக்கு, கோர் டூ டுவோ, 2 ஜிபி ராம், வின்டோஸ் 7, அதுவும் 32 பிட். பிள்ளையளுக்கு எழுத்துக் காட்ட ஒரு புரோகிராம் எழுதித் தாடா எண்டு அக்கா கேட்டவா. பைதன் மொழியில, யன்னல், பட்டன் செய்யிற டிகிண்டர் எண்ட பகுதியை வச்சு எழுதுறன். திரையில எழுத்துப் பெட்டியள், ஒண்டைக் கிளிக் பண்ணினா அந்த எழுத்தின்ர சத்தம் கேக்கோணும், அவ்வளவுதான். 247 எழுத்து, 247 பைல். சின்ன வேலை எண்டுதான் நினைச்சன், ஆனா ரெண்டு கிழமையா இதோட மினக்கெடுறன்.

சத்தம் போட வின்சவுண்ட் எண்டு பைதனோடயே வாற பகுதியைத்தான் பாவிக்கிறன். முதல் பிரச்சினை, சத்தம் போய் முடியுமட்டும் யன்னல் முழுக்க உறைஞ்சு நிக்குது, பட்டன் அமுங்கினது அமுங்கினபடி, பிள்ளை ரெண்டு மூண்டு தரம் அமத்தினா பிறகு எல்லாம் வரிசையா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு சொல்லிக்கொண்டே இருக்கு. ரெண்டாவது, சில பைலுக்கு எழுத்துச் சத்தம் வராமல் வின்டோஸின்ர "டிங்" மட்டும் வருது. அந்தப் பைலுகள் எம்பி3 ஆ இருந்தது, நான் பேரை மாத்தி வேவ் எண்டு போட்டனான். ஆருக்கும் இதில அனுபவம் இருந்தா சொல்லுங்கோ.

குளக்கட்டு:
தம்பி, ரெண்டாவதை முதல் சொல்லுறன், அது லேசு. பைலின்ர பேரை மாத்தினா உள்ளுக்க இருக்கிறது மாறாது. வின்சவுண்ட் வேவ் மட்டும்தான் போடும். போட ஏலாட்டி வின்டோஸ் தன்ர வழமையான மணிச் சத்தத்தைப் போட்டுவிடும், அதுதான் உங்கட "டிங்". எஸ்என்டி நோடிபோல்ட் எண்ட கொடியையும் (கட்டளையோட குடுக்கிற குறி) சேத்துக் குடுத்தா அந்த டிங் வராது, ஆனா எழுதி முடியுமட்டும் அதைச் சேக்காதேங்கோ, டிங் கேட்டால்தான் எந்தப் பைல் பிழை எண்டு உங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் ஓடாசிட்டி எண்ட சத்தம் வெட்டுற புரோகிராமில திறந்து 16 பிட் பிசிஎம் வேவா வடிவா எக்ஸ்போர்ட் பண்ணுங்கோ.

இனி உறையிற கதை. டிகிண்டரில மெயின்லூப் எண்டு ஒண்டு ஓடுது. சங்கக்கடையில ஒரே ஒரு ஆள் நிக்கிற மாதிரி நினையுங்கோ. கிளிக்கை வாங்கிறதும் அவர், பட்டனைக் கீறுறதும் அவர், யன்னலை நகத்திறதும் அவர். நீங்கள் அவரைப் பிடிச்சு "இந்தச் சத்தம் முடியுமட்டும் இதிலயே நில்லுங்கோ" எண்டு சொல்லுறியள். சனம் வரிசையில நிக்குது. அதுதான் பிள்ளை அமத்தின மற்றக் கிளிக்குகள் எல்லாம் பிறகு ஒண்டொண்டா வருது. எஸ்என்டி பைல்நேமோட எஸ்என்டி அசிங்க் எண்ட கொடியையும் சேத்துக் குடுங்கோ. வின்டோஸ் தானே பின்னால சத்தத்தைப் போடும், உங்கட லூப் உடன திரும்பி வந்திடும். புதுசா ஒண்டை அமத்தினா பழையது அந்த இடத்திலயே நிண்டு புதியது துடங்கும். எழுத்துப் பழக்கத்துக்கு அதுதான் வேணும்.

ஒண்டு கவனம், பைலை முதலே மெமரியில ஏத்தி வச்சுக் குடுக்கிற எஸ்என்டி மெமரி எண்டதையும் அசிங்கையும் ஒண்டாப் போடாதேங்கோ. பைதனில அது ரெண்டும் சேராது, ரன்டைம் எரர் வரும். நான் அதில ஒரு இரவு முழுக்க முழிச்சிருந்தனான்.

மருதநிழல்:
குளக்கட்டு அண்ணை சொன்னதுதான் மற்ற மொழியளிலயும். நான் கிளிநொச்சியில சி ஷார்ப்தான் எழுதுறன், வின்போர்ம்ஸில சவுண்ட்பிளேயர் எண்டு இருக்கு, பிளே எண்டா பின்னால ஓடும், பிளேசிங்க் எண்டா யன்னல் காத்து நிக்கும், பேர் கிட்டக் கிட்ட இருக்கிறபடியால் மாறிப் போட்டிட்டுத் தேடுற ஆக்களைக் கண்டிருக்கிறன். அதுவும் வேவ் மட்டும்தான், அதுவும் ஒரு நேரம் ஒரு சத்தம்தான். ஜாவா மொழியில அதுக்குக் கிளிப் எண்டு பேர். அதில ஒரு தரம் போட்ட கிளிப்பைத் திருப்பிப் போடேக்க பிரேம் பொசிசனைப் பூச்சியத்துக்குக் கொண்டு போகாட்டி ரெண்டாந்தரம் ஒண்டும் கேக்காது, ஏன் எண்டா அது முடிவிலயே நிக்குது.

தம்பி, நீங்கள் வேற திரெட் (பக்கத்தில தனியா ஓடுற இன்னொரு வேலை) ஒண்டைத் துடக்கி அதுக்குள்ள சத்தம் போடலாம் எண்டு எங்கயும் வாசிச்சா, செய்யலாம், ஆனா அந்தத் திரெட்டுக்குள்ள இருந்து பட்டனின்ர நிறத்தை மாத்தப் போகாதேங்கோ. டிகிண்டரின்ர பொருள்களை மெயின் திரெட்டில இருந்து மட்டும் தொடுங்கோ. இல்லாட்டி பத்துத் தரம் ஒழுங்கா ஓடி பதினோராந்தரம் காரணமில்லாமல் விழும், அந்தப் பிழையைத் தேடிப் பிடிக்கிறது சரியான கஷ்டம்.

பாலைப்பழம்:
அசிங்க் போட்டன், உறையிறது நிண்டிட்டுது! ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணையவை. எம்பி3 எல்லாத்தையும் வேவாக்கினாப் பிறகு டிங்கும் போயிட்டுது. ஆனா இன்னும் ரெண்டு இருக்கு. அமத்தினா சத்தம் உடன வரேல்ல, ஒரு அரைச் செக்கன் மாதிரிப் பிந்துது. அக்கா சொல்லுறா, அதுக்குள்ள பிள்ளையின்ர கண் அடுத்த எழுத்துக்குப் போயிடுதாம், அப்ப ஆ-வைப் பாத்துக்கொண்டு அ எண்ட சத்தத்தைக் கேக்குதாம், அது இல்லாததைவிடக் கூடாது எண்டு சொன்னவா. மற்றது, சரியாச் சொன்னா ஒரு கைதட்டல் சத்தம் போடோணும், அது எழுத்துச் சத்தத்தை வெட்டிப்போட்டு வருது. ரெண்டும் ஒண்டாக் கேக்க வழி இருக்கோ?

மணிப்புறா:
ரெண்டு சத்தம் ஒரே நேரம் வேணுமெண்டா வின்சவுண்ட் காணாது. பைதனில விளையாட்டுச் செய்யிற பைகேம் எண்டதின்ர மிக்சர் (சத்தம் கலக்கிற) பகுதியை மட்டும் எடுத்துப் பாவியுங்கோ. முழு விளையாட்டு யன்னல் ஒண்டும் தேவையில்ல, மிக்சரை மட்டும் இனிட் பண்ணினா (துடக்கினா) காணும், டிகிண்டரோட சண்டை பிடிக்காது. நான் வவுனியாவில படிக்கேக்க ஒரு புரொஜெக்டுக்கு இப்பிடித்தான் செய்தனான்.

புரோகிராம் திறக்கேக்கயே எல்லா வேவையும் சவுண்ட் பொருளா ஏத்தி ஒரு டிக்சனரியில (பேரைக் குடுத்துப் பொருளை எடுக்கிற பட்டியல்) வையுங்கோ. கிளிக் வரேக்க டிஸ்கில தேடிக்கொண்டு நிக்கக்கூடாது, உங்கட மெசின் பழசு, அதின்ர ஹார்ட் டிஸ்க் நித்திரையில இருந்தா எழும்பவே நேரமெடுக்கும். மெமரி காணுமோ எண்டு பயப்பிட வேண்டாம், கணக்குப் பாருங்கோ: செக்கனுக்கு 44100 சாம்பிள் (சத்தத்தை அளந்த புள்ளி), மொனோ, 16 பிட் எண்டா ஒரு செக்கனுக்கு 88,200 பைட். ஒவ்வொண்டும் ஒரு செக்கன் எண்டு வச்சா 247 க்கும் 22 எம்பிகூட இல்ல. மிக்சரை ஸ்டீரியோவாத் திறந்தா ஏத்தேக்க அது ரெட்டிக்கும், அப்பவும் 44 எம்பிக்குள்ளதான்.

பிறகு பஃபர், சத்தத்தைப் போட முதல் சேத்து வைக்கிற இடம். மிக்சர் இனிட் பண்ண முதல் பஃபர் அளவைச் சொல்லலாம். 4096 சாம்பிள் எண்டா 44100 இல அது மட்டும் 93 மில்லிசெக்கன். 512 எண்டா 12 மில்லிசெக்கனுக்குள்ள. பைகேமின்ர பழைய 1.9 பதிப்பில சும்மா விட்டா 4096 எடுக்கும், இப்பத்தைய 2 இல 512. சத்தம் பிய்ஞ்சு கரகரத்தா 1024 க்குப் போங்கோ.

எழுத்துக்கெண்டு ஒரு சனல் (சத்தம் போற தனிப் பாதை), கைதட்டலுக்கு இன்னொரு சனல். எழுத்து எப்பவும் பூச்சியமாம் சனலில போனா புது எழுத்து பழையதை வெட்டும், கைதட்டலை வெட்டாது. நீளமான பாட்டு ஏதும் போடுறதெண்டா அதை மட்டும் மியூசிக் எண்ட பகுதியில விடுங்கோ, அது முழுக்க ஏத்தாமல் கொஞ்சங் கொஞ்சமா வாசிக்கும்.

குளக்கட்டு:
மணிப்புறா தங்கச்சி சொன்னது எல்லாம் சரி, கைதட்டலுக்கு அது வேணும்தான். ஆனா அரைச் செக்கன் பிந்திறது பஃபராலயோ டிஸ்காலயோ எண்டு நான் நம்பேல்ல. 93 எங்க, 500 எங்க. தம்பி, ஒரு பைலை ஓடாசிட்டியில திறந்து அலையைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, முன்னுக்கு எவ்வளவு தூரம் கோடு சும்மா நேரா ஓடுது எண்டு.

பாலைப்பழம்:
அண்ணை, நீங்கள் சொன்னது சரி. 0.4 செக்கன் ஒண்டுமில்லாமல் ஓடுது, சிலதில 0.6. அக்கா போனில பதிவு பட்டனை அமத்திப்போட்டு மூச்செடுத்துத்தான் சொல்லியிருக்கிறா, அந்த மூச்சுக்கூடக் கேக்குது. நான் ரெண்டு கிழமையா புரோகிராமுக்குள்ள தேடினன்.

குளக்கட்டு:
அப்ப திருப்பிப் பதியுங்கோ, பயப்பிடாதேங்கோ, ஒரு பின்னேரத்து வேலை. 247 தரம் பட்டன் அமத்த வேண்டாம். ஒரே பைலா நீளமாப் பதிஞ்சு, எழுத்துக்கு எழுத்து ஒரு செக்கன் இடைவெளி விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ. பிறகு ஓடாசிட்டியில ஒவ்வொண்டையும் தெரிவு செய்து லேபிள் போட்டு, பல பைலா எக்ஸ்போர்ட் பண்ணுறது எண்டு இருக்கு, லேபிளின்ர பேரிலயே எல்லாம் தனித்தனிப் பைலா விழும். வாட்சப்பில அனுப்பி எடுக்காதேங்கோ, குரல் செய்தி ஓப்பஸ் எண்ட வடிவத்தில இறுக்கித்தான் வரும், கேபிளால எடுங்கோ. எம்பி3 க்கும் போகாதேங்கோ, இறுக்கேக்க முன்னுக்கு ஏறக்குறைய 25 மில்லிசெக்கன் வெறுமை தானா ஒட்டும்.

எங்க பதியிறது எண்டதும் முக்கியம். இஞ்ச எங்கட பக்கம் விடிய மயில் கத்தும், பிறகு உழவு மெசின், வெட்டுக் காலத்தில வெட்டுற மெசின் றோட்டால போகும், மத்தியானம் ஃபான் இல்லாமல் இருக்க ஏலாது, ஃபான் போட்டா மைக்குக்குள்ள அதுதான் முழுக்க. நான் ஒருக்கா ஒரு அறிவித்தல் பதியேக்க மத்தியானம் ரெண்டு மணிக்கு உடுப்பு அலுமாரியத் திறந்து வச்சு அதுக்குள்ள முகத்தை வச்சுத்தான் பதிஞ்சனான், ஃபானை நிப்பாட்டிப்போட்டு. உடுப்பு எதிரொலியைக் குடிச்சிடும். மெத்தையைச் சுவரில சாத்தினாலும் சரி.

முல்லைரீச்சர்:
இதை வாசிச்சுக்கொண்டு வாறன், கொம்பியூட்டர் பகுதி எனக்கு அரைவாசிதான் விளங்குது, ஆனா முன்பள்ளியில 19 வருசம் நிண்டனான், அதால ரெண்டு மூண்டு சொல்லோணும் மகன்.

எழுத்தின்ர பேரைப் பதியாதேங்கோ, சத்தத்தைப் பதியுங்கோ. "ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா" எண்டு பழக்கினா பிறகு அம்மா எண்டு எழுத்துக்கூட்டேக்க பிள்ளை "ஆனா" எண்டு துடங்கும். அ எண்டா அ மட்டும்.

வெட்டேக்கயும் கவனம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை, உந்த வித்தியாசம்தான் பிள்ளைக்குக் காதில விழோணும். வாலை இறுக்கி வெட்டினா ஆ-வும் அ மாதிரிக் கேக்கும். எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டினா அதைவிடப் பிழை, கு-வும் கூ-வும் ஒண்டாப் போயிடும்.

பிறகு ல, ள, ழ. எங்கட சனம் கதைக்கேக்க ழ-வை ள மாதிரித்தான் சொல்லுறது, அது எங்கட பேச்சு, அதில குறையில்ல. ஆனா எழுத்துப் பழக்கேக்க நாக்கை மடிச்சுச் சொன்னால்தான் வாழைக்கும் வாளைக்கும் பிள்ளை வேறுபாடு பிடிக்கும். அக்கா அந்த வரிசையை ஆறுதலாச் சொல்லட்டும், நாலைஞ்சு தரம் பதிஞ்சு நல்லதை எடுங்கோ. முதல் 12 உயிரையும் மட்டும் குடுங்கோ, மெய்யும் உயிர்மெய்யும் பிறகு ஆறுதலா வரட்டும். படங்களும் இஞ்சத்தையப் படமா வையுங்கோ, உரல், ஏணி, பாலைப்பழம் எண்டு. பிள்ளை கண்டதைத்தான் பேரோட பிடிக்கும்.

மணிப்புறா:
ரீச்சர் சொன்ன வால் வெட்டுற விசயம் எனக்குப் புதுசு, நன்றி. அதோட தலையும் அப்பிடித்தான். அமைதியைத் தானா வெட்டுற வசதியை நம்பிவிட்டா ம, ய, வ மாதிரி மெல்லமாத் துடங்கிற எழுத்துகளின்ர முன்பகுதியையும் அமைதி எண்டு நினைச்சு வெட்டும், பிறகு ம-வும் அ மாதிரித்தான் கேக்கும். கையால வெட்டுங்கோ, முன்னுக்கு ஒரு 20 மில்லிசெக்கன் விட்டு வெட்டுங்கோ. வெட்டின இடத்தில "டக்" எண்டு ஒரு சத்தம் வந்தா ரெண்டு முனையிலயும் ஒரு 5 மில்லிசெக்கன் மெல்ல ஏத்தி இறக்கினாப் போயிடும்.

பாலைப்பழம்:
ஞாயிற்றுக்கிழமை அலுமாரிக்குள்ளதான் பதிஞ்சம். ரீச்சர், நீங்கள் சொன்ன ழ வரிசைக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் போச்சு, ஆனா இப்ப வடிவாக் கேக்குது. பிந்திறது முழுக்கப் போயிட்டுது, கை வைக்கச் சத்தம் வருது. பைகேமுக்கும் மாறிட்டன்.

இப்ப புதுசா ஒண்டு, இது எனக்கு விளங்கவே இல்ல. பைலுகளுக்கு எழுத்தின்ர பேரையே வச்சனான், க, கா, கி எண்டு. எல்லாம் வருது, கொ, கோ, கௌ வரிசையள் மட்டும் சிலது வரேல்ல, டிக்சனரியில இல்லை எண்டு எரர். நான் பாக்கிறன், பைல் இருக்கு! பேரும் ஒண்டுதான்! அக்கா பேர் வச்ச பைலுகளிலதான் இது, நான் வச்சதுகளில இல்ல.

மணிப்புறா:
இது தமிழ் எழுதுற எங்களுக்கு அடிக்கடி வாற பிரச்சினை. கண்ணுக்கு ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டு. யூனிகோடில ொ எண்ட குறியை ஒரே எழுத்தாவும் எழுதலாம், ெ-வும் ா-வும் எண்டு ரெண்டாவும் எழுதலாம். கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். திரையில ரெண்டும் ஒரே கொ. புரோகிராம் ஒப்பிடேக்க நீளமே வேற. பைதனில யூனிகோட்டேட்டா எண்டதில நோர்மலைஸ் எண்டு இருக்கு, என்எப்சி எண்ட சேத்தெழுதின வடிவத்துக்குக் கொண்டு வாங்கோ, பைல் பேரையும் பட்டனில உள்ள எழுத்தையும் ரெண்டையும்.

ஆனா கௌ-வில இன்னொரு பொறி. கனபேர் க போட்டு, ெ போட்டு, பிறகு ள எண்ட முழு எழுத்தையே போட்டுவிடுவினம், பார்வைக்கு ஔகாரக் குறி மாதிரியே இருக்கும். அதை நோர்மலைஸ் திருத்தாது, ஏன் எண்டா அது உண்மையிலயே வேற எழுத்து. ஔ-வும் அப்பிடித்தான், ஒ-வும் ள-வும் எண்டு அடிச்சிருப்பினம்.

என்ர எண்ணம், பைலுக்குத் தமிழ்ப் பேரே வைக்காதேங்கோ, 001 இல இருந்து 247 வரைக்கும் இலக்கம் போடுங்கோ, எது எந்த எழுத்து எண்டதை ஒரே ஒரு பட்டியலில நீங்களே அடிச்சு வையுங்கோ. தமிழ்மேல பற்று இல்லாமல் சொல்லேல்ல, நாளைக்கு வேற ஆள் வந்து ஒரு பைலை மாத்தேக்கயும் உடையக்கூடாது.

மருதநிழல்:
எக்ஸியா (தனியா ஓடுற புரோகிராம் பைலா) கட்ட முதல் ஒரு சொல்லு. அந்த மெசின் வின்டோஸ் 7 எண்டபடியால் பைதன் 3.8 இலதான் கட்டோணும், 3.9 இல இருந்து 7 இல ஓடாது, உங்கட லப்டொப்பில ஓடும், அங்க டிஎல்எல் பைல் ஒண்டு இல்லையெண்டு நிக்கும். 32 பிட் பைதனும் வேணும். எக்ஸி கட்டுற பைஇன்ஸ்டோலரில ஒரே பைலாக் கட்டினா அது திறக்கேக்க தற்காலிகப் போல்டர் ஒண்டுக்க எல்லாத்தையும் விரிக்கும், சத்தப் போல்டரை அங்கதான் தேடோணும், எஸ்வைஎஸ் இல மெய்பாஸ் எண்டு அந்த இடம் வரும். போல்டராவே கட்டிக் குடுக்கிறது நல்லம், திறக்கவும் கெதி.

ஸ்பீக்கர் குத்தாத மேசைக் கொம்பியூட்டரில மிக்சர் இனிட்டே எரர் குடுத்துப் புரோகிராம் விழலாம். அதைப் பிடிச்சு "ஸ்பீக்கரைக் குத்துங்கோ" எண்டு தமிழில காட்டுங்கோ, அக்காவுக்கு ஆங்கில எரரைக் காட்டாதேங்கோ.

பாலைப்பழம்:
திங்கக்கிழமை கொண்டுபோய்ப் போட்டன், ஓடுது! பேர் எல்லாம் இலக்கமாக்கிட்டன். ஆனா அங்க ஒரு புளுடூத் ஸ்பீக்கர்தான், முதல் எழுத்து அமத்தேக்க சத்தத்தின்ர முன்பாதி வருதில்ல, ரெண்டாவதில இருந்து சரி. கொஞ்ச நேரம் சும்மா விட்டாத் திரும்பவும் அப்பிடித்தான்.

திருத்துமேசை:
ஸ்பீக்கர் நித்திரைக்குப் போகுது. சத்தம் வரேக்க எழும்பும், எழும்பிறதுக்குள்ள உங்கட அரைச் செக்கன் எழுத்து முடிஞ்சுது. பாட்டுக் கேக்கிற ஆக்களுக்கு இது தெரியாது, குட்டிச் சத்தத்திலதான் தெரியும். கேபிள் போட்ட ஸ்பீக்கர் ஒண்டு வாங்குங்கோ, அதுதான் சரியான மருந்து, புளுடூத்தில எப்பிடியும் பிந்தும். இப்போதைக்கு ஒண்டுமில்லாத அமைதி வேவ் ஒண்டைச் செய்து வேற சனலில முடிவில்லாமல் ஓட விடுங்கோ, சில ஸ்பீக்கர் அதோட முழிச்சிருக்கும்.

பாலைப்பழம்:
அமைதி வேவ் வேலை செய்யுது அண்ணை. ஆனாலும் கேபிள் ஸ்பீக்கருக்குச் சொல்லிப்போட்டன், நாளைக்கு வரும்.

கடைசியா ஒண்டு. ரீச்சர் சொன்னதை அக்கா வாசிச்சிட்டு, ள-வையும் ழ-வையும் ஒரு பட்டனில அடுத்தடுத்துக் கேக்க வைக்கச் சொல்லுறா, நடுவில கொஞ்சம் இடைவெளியோட. முதல் சத்தம் எப்ப முடியும் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? ஸ்லீப் போட்டா யன்னல் திரும்பவும் உறையுது.

மணிப்புறா:
ஸ்லீப் போட்டா சங்கக்கடை ஆளைத் திரும்பவும் நிப்பாட்டினமாதிரி. சவுண்ட் பொருளிட்ட நீளத்தைக் கேளுங்கோ, செக்கனில சொல்லும். அதை ஆயிரத்தால பெருக்கி, முழு எண்ணாக்கி, 400 கூட்டி, டிகிண்டரின்ர ஆஃப்டருக்குக் குடுங்கோ, அந்த நேரம் வரேக்க ழ-வைப் போடும். இடையில பிள்ளை வேற எழுத்தை அமத்தினா அந்த ஆஃப்டரைக் கான்சல் பண்ண மறக்காதேங்கோ, இல்லாட்டி க-வை அமத்த ழ-வும் சேந்து வரும்.

பாலைப்பழம்:
செய்தன், வருது. கான்சலும் போட்டிட்டன்.

முல்லைரீச்சர்:
ல-வையும் அதோட சேருங்கோ மகன். மூண்டும் வரட்டும்.